தன் நோயைத் தானே எடுத்துரைத்தல்
(அங்கத்தினர் படிப்பு வட்டத்திற்கான பாடம்)

நைனார்பாளையத்திலும் சுற்றுப்புற ஊர்களிலும் உள்ள அங்கத்தினர்கள் கூடிப் படித்து விவாதிக்கும் பொருட்டு இப்பாடம் எழுதப்படுகிறது. நோயுற்றுத் தேறிய ஒருவர் தம் அனுபவத்தைப் பிறர் முன் எவ்வாறு கூறினால், கேட்பவரும் அத்தொண்டில் வந்து சேர்வர் என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

கூட்டுறவு அன்பர்களுக்கு இது புதிய கருத்தன்று. 1844-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 தொழிலாளர் கூடித் தங்கள் சொந்தக் கடையைத் தொடங்கினர். அவர்களுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படச் சரக்கும் கடன் தொல்லையும் அவரவர் வீட்டுத் துன்பமாக இருந்தவரை பரிகாரம் பிறக்கவில்லை. வாய்விட்டுப் பேசியபோதுதான் அது பொதுக் குறையாயிற்று. நோயின் விஷயமும் அவ்வாறே.

கௌசல்யாவின் முன்மாதிரி

1986-ல் சென்னையில் டாக்டர் சுனீதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் நம் நாட்டில் எச்.ஐ.வி. தொற்று இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அதன்பின் பல ஆண்டுகள் நோயைவிட நோய் பற்றிய அவமானமே மக்களை அதிகமாக வாட்டியது. பெயர் வெளியே தெரிந்தால் வீடும் வேலையும் பறிபோகும் நிலை இருந்தது.

அச்சூழ்நிலையில் நாமக்கல் பகுதியைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி துணிந்து முன்வந்தார். 1995-ல் அவருக்கு மணமாயிற்று. கணவர் வழியாகத் தொற்று ஏற்பட்டதை விரைவிலேயே அறிந்தார். அதைத் தம் பெயரோடும் முகத்தோடும் பொதுமக்களிடம் கூறினார். ஒருவர் பேசியதும், அதே துயரை மறைத்து வாழ்ந்த மற்றப் பெண்களுக்குத் தாம் தனியரல்லர் என்பது விளங்கிற்று. 1998-ல் அப்பெண்கள் பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்னும் அமைப்பைச் சென்னையில் நிறுவினர். இத்தகைய அமைப்புகள் இலவச மருந்து கோரி இடைவிடாது குரல் கொடுத்தன. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு அம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதலில் வழங்கிய மருத்துவமனைகளுள் தாம்பரமும் ஒன்று. நோயுற்றோரைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2017-ல் நிறைவேறி, 2018-ல் நடைமுறைக்கு வந்தது.

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது யாதெனில், கேட்போர் கண்ணீர் விடுவதோடு கதையின் வேலை முடிவதில்லை. கேட்டவருள் ஒருவர் எழுந்து, “நானும் பேசுகிறேன்” என்று சொல்லும்போதுதான் அது பயன் தருகிறது.

நம் ஊரில் காசநோய்

1956-ல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையம், சானடோரியத்தில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கு வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சை குறைந்ததன்று என்று 1959-ல் உலகுக்கு மெய்ப்பித்தது. அன்றுமுதல் நோயாளி தம் தெருவிலேயே குணமடைகிறார். ஆகவே அண்டை வீட்டாரின் சொல் அவருக்கு மருந்துபோல் உதவலாம், நஞ்சாகவும் முடியலாம். ஏளனத்துக்கு அஞ்சி மருந்தை இடையில் நிறுத்தினால், நோய் மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறி உயிரைப் பறிக்கக்கூடும். குணமான ஒருவர் அதே தெருவில் எழுந்து பேசுவதன் மதிப்பு இங்கேதான் விளங்கும்.

பேசும் முறைக்கு ஒரு மாதிரி வருமாறு:

“நான் தறி நெய்பவன். மூன்று வாரம் இருமினேன். பஞ்சுத் தூசி என்றெண்ணிக் கஷாயம் குடித்தேன். சளிப் பரிசோதனையில் காசம் என்றார்கள். ஆறு மாதம் மருந்து உண்டேன். இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் நிறுத்திவிட நினைத்தேன். என் மனைவி விடவில்லை. இன்று மீண்டும் தறியில் அமர்ந்திருக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் இங்கிருந்தால், நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே உடன் வருகிறேன். குணமானவர் இருந்தால், அடுத்த கூட்டத்தில் என் அருகில் அமர வாருங்கள்.”

இதனை உரைக்க ஒரு நிமிடம் போதும். தயக்கமும் தேறிய வழியும் இதில் உள்ளன. முடிவில் இரண்டு அழைப்புகள் உள்ளன. அவ்வழைப்பு இல்லையேல் கேட்டவர் அனுதாபத்தோடு வீடு திரும்பிவிடுவார்.

கைக்கொள்ள வேண்டிய விதிகள்

1. பேசுவதா வேண்டாமா என்பதை நோயுற்றவரே தீர்மானிக்க வேண்டும். சங்கத் தலைவரோ உறவினரோ வற்புறுத்தலாகாது.

2. தம் கதையை மட்டுமே கூற வேண்டும். பிறர் நோயை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது. எச்.ஐ.வி. தொற்றைப் பொறுத்தவரை இதை மேற்கூறிய சட்டமும் தடுக்கிறது.

3. பேசுமுன் வீட்டாரைக் கலந்துகொள்க. பெண்ணின் கல்யாணப் பேச்சும் பிள்ளையின் பள்ளி வாழ்வும் பாதிக்கப்படலாம். சொன்ன சொல்லைத் திரும்பப் பெற முடியாது.

4. மருந்தின் அளவைப் பற்றி ஆலோசனை கூறற்க. அது மருத்துவரின் கடமை.

5. கூட்டம் கலைந்தபின் சிறிது நேரம் அங்கேயே இருங்கள். உண்மையான கேள்வியுடன் வருபவர் பெரும்பாலும் கடைசியாகவே வருவார்.

சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. பேசிய அங்கத்தினருக்கு நூலும் பாவும் கொடுப்பதிலோ, விளைபொருளை வாங்குவதிலோ எவ்விதக் குறையும் நேராது என்று நிர்வாகக் குழு முன்னதாகவே தீர்மானம் செய்து அறிவிக்க வேண்டும். அவ்வுறுதி இல்லாத இடத்தில் ஒருவரை மேடையேற்றுவது நியாயமன்று.

விவாதத்திற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் மறைத்து வைக்கப்படும் நோய்கள் எவை? மறைப்பதற்குக் காரணம் யாது?

2. குணமான அங்கத்தினர் பேச முன்வந்தால், அவருடைய தொழிலுக்கும் குடும்ப மதிப்புக்கும் நம் சங்கம் என்ன உறுதி அளிக்கும்?

3. அவர் பேசி முடித்ததும், நம்முள் யார் அடுத்த நாள் நோயாளியுடன் சுகாதார நிலையம் வரை செல்வார்?