திரிபுச் சரிவும் காந்தமும்: எவ்வழியில் நுழைவது?

படிகத்தை ஒரே சீராக அழுத்துவது வேறு, வளைப்பது வேறு. வளைந்த தகட்டின் வெளிப்புறம் நீண்டும் உட்புறம் குறுகியும் நிற்க, இடையே இந்த நீட்சி குறுக்கமாகிய திரிபு ஆழத்துக்கு ஆழம் மாறிச் செல்லும் அந்தச் சரிவானது, படிகத்தின் மையச் சமச்சீரைக் குலைத்துக் காந்த ஒழுங்கையும் மாற்ற வல்லது என்று தெரிந்த பின்னர், இத்துறையை நாடும் மாணாக்கர் தொகை பெருகியிருக்கிறது. ஆனால் அவர்களுள் பலர், 'கணினி வேலையென்றால் ஆராய்ச்சி கைகூடாவிட்டாலும் உத்தியோகமாவது கைகூடும்' என்று தகப்பனார் சொன்னதையும், உடன் படித்தவன் சென்ற திசையையும் பிரமாணமாகக் கொண்டு வழியைத் தீர்மானிக்கிறார்கள்.

காகிதமும் பென்சிலுமாகச் சமச்சீர் விதிகளை ஆராய்வது ஒரு வழி. சீரான திரிபும் சில எதிர் ஃபெர்ரோ காந்தங்களில் காந்தத்தைத் தோற்றுவிக்கும் என்று 1957இல் இயற்பியலாளர் ட்சியலோஷின்ஸ்கி கண்டது அவ்வாறே. கோபால்ட், மாங்கனீசு ஃபுளோரைடுகளில் போரோவிக்-ரொமானோவ் அதை அளந்து காட்டியது பின்னர்தான். இவ்வழிக்குரிய புத்தி படைத்தவர்க்கு என் உபதேசம் தேவையில்லை.

ஆயத்த மென்பொருளைக் கொண்டு கணக்கிடும் வழியைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டும். அம்மென்பொருள்கள், ஓர் அலகுக்கூடு எல்லையின்றி மறுபடி மறுபடி வருகிறது என்னும் அனுமானத்தின் மேல் எழுந்தவை. திரிபுச் சரிவு என்பதோ, அடுத்தடுத்த இரண்டு கூடுகள் ஒன்றுபோல் இல்லாத நிலை. இம்முரண்பாட்டைச் சமாளிக்க, பாதி ஒரு புறமும் பாதி மறுபுறமும் வளைந்த பெருங்கூட்டை அமைத்தால், நாம் தேடும் விளைவு மொத்தத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். பகுதி பகுதியாகப் பிரித்தே அதைக் காண வேண்டும். அன்றியும் எலெக்ட்ரான் விலக்கலுக்கு நாம் இடும் மதிப்பைச் சற்று மாற்றினாலே காந்தத் திருப்புத்திறனும் மாறிவிடுவதால், இவையறியாத மாணவர் கையில் வந்து சேர்வது வர்ணப்படமேயன்றி விடையன்று.

படலம் வளர்க்கும் வழியே எனக்கு உவப்பானது. அதில் என் பக்ஷபாதம் இருக்குமானால் இருக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் தகட்டை ஒரு மீட்டர் ஆரத்துக்கு வளைத்தால் கிட்டும் சரிவு மீட்டருக்கு 1. நூறு நானோமீட்டர் படலத்தை ஐந்து மைக்ரோமீட்டர் ஆரத்துக்கு வளைத்தாலோ இரண்டு லட்சம். நீரில் கரையும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட்டின் மேல் வளர்த்துப் பின் அந்த அலுமினேட்டைக் கரைத்தால், இத்தகைய படலம் தனியே மிதந்து வரும். வளைக்காமலும் சரிவு பெறலாம்: சஃபையர் மேல் வளர்ந்த குரோமியம் ஆக்சைடில், காந்த ஒழுங்கு குலையும் நீல் வெப்பநிலை (பருப்பொருளில் 307 கெல்வின்), அச்சரிவினால் ஆழத்தோடு மாறிச் செல்வதை 2022இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

நல்ல படலம் கிடைப்பதற்குள் பல மாதங்கள் கழியும் என்பதும், பொறுமையற்றவர்க்கு அதை வளர்க்கும் வெற்றிடக் கலம் சிறைக்கூடமாகத் தோன்றும் என்பதும் மெய்யே. ஆதலால் இயல்பை ஆராய்ந்து சேருங்கள். சேருமுன் ஆய்வுக்கூடத்தில் மாதிரியை எதனால் எடுக்கிறார்கள் என்றும் கவனியுங்கள்: எஃகு இடுக்கியின் முனையிலிருந்து ஒட்டிய இரும்புத் துகள், படலம் தரும் மெல்லிய காந்தக் குறியை விழுங்கிவிடுமாதலால், பிளாஸ்டிக் இடுக்கி இல்லாத கூடத்தில் காலெடுத்து வைக்க வேண்டாம்.