கேட்டுப் படிப்போம்: வி.எல்.சி. மென்பொருளில் நாம் கவனிக்காத வசதிகள்

திருக்குறளில் 40ஆம் அதிகாரம் 'கல்வி'. 41ஆம் அதிகாரம் 'கல்லாமை'. அதை அடுத்து வரும் 42ஆம் அதிகாரத்தின் பெயர் 'கேள்வி'. வாசிப்பதைப் போலவே கேட்பதும் படிப்பின் ஒரு வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இன்று எங்களிடம் கேட்பதற்குக் குறைவில்லை. ஆசிரியர்களின் பாட ஒலிப்பதிவுகள், ஆங்கில உரையாடல்கள், கிராஅத்துகள் எனப் பல கோப்புகள் கணினியில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைத் திறந்து ஓடவிட்டு, தூக்கம் வரும்வரை கேட்பதோடு எங்களில் பலர் நின்றுவிடுகிறோம். புத்தகத்தில் ஒரு பந்தி விளங்காவிட்டால் மெதுவாக வாசிக்கிறோம், திரும்ப வாசிக்கிறோம், பக்க எண்ணைக் குறித்து வைக்கிறோம். இதே வேலைகளை ஒலிப்பதிவிலும் செய்யலாம். அதற்குரிய கருவிகள் வி.எல்.சி. மென்பொருளுக்குள்ளேயே இருக்கின்றன.

வி.எல்.சி. 1996இல் பிரான்ஸில், எக்கோல் சென்ட்ரல் பாரிஸ் என்ற கல்லூரியின் மாணவர்கள் தொடங்கிய ஒரு திட்டத்திலிருந்து பிறந்தது. 2001இல் எவரும் இலவசமாகப் பாவிக்கவும் மாற்றி அமைக்கவும் கூடிய திறந்த மூல மென்பொருளாக வெளிவந்தது. அதன் செம்மஞ்சள் நிறக் கூம்பை அறியாத மாணவி இருக்க மாட்டாள். மாணவர்கள் உருவாக்கியது மாணவருக்கு உதவுவதில் வியப்பில்லை.

மெதுவாகவும் விரைவாகவும்

விசைப்பலகையில் 'பி' எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு சதுர அடைப்புக்குறி விசைகள் உள்ளன. இடப்பக்க விசையை ஒருமுறை அழுத்தினால் வேகம் 0.1 குறையும். வலப்பக்க விசை 0.1 கூட்டும். சமன் குறியை அழுத்தினால் பழைய வேகம் திரும்பும். கசெட்டை மெதுவாக ஓடவிட்டால் குரல் தடித்துப் போகும். இங்கே குரலின் சுருதி மாறாது, சொற்களுக்கு இடையில் நேரம் மட்டும் கிடைக்கும்.

ஏற்கெனவே படித்த பாடத்தை மீட்டும்போது வேகத்தைக் கூட்டலாம். 90 நிமிடப் பாடம் 1.5 வேகத்தில் 60 நிமிடத்தில் முடியும். பரீட்சைக் காலத்தில் அந்த அரை மணித்தியாலம் பெரிது.

ஒரே இடத்தைத் திரும்பக் கேட்டல்

மேலேயுள்ள 'வியூ' பட்டியலில் 'அட்வான்ஸ்ட் கன்ட்ரோல்ஸ்' என்பதைத் தெரிவு செய்தால், கீழே புதிதாகச் சில பொத்தான்கள் தோன்றும். அவற்றுள் 'ஏ', 'பி' எழுத்துகள் உள்ள பொத்தானைத் தேடுங்கள். வேண்டிய பகுதி தொடங்கும்போது ஒருமுறை, முடியும்போது ஒருமுறை அழுத்துங்கள். அந்தப் பகுதி மாத்திரம் திரும்பத் திரும்ப ஒலிக்கும். மூன்றாம் முறை அழுத்தினால் வழமைக்குத் திரும்பும். சூராக்களை மனனமிடுவோருக்கும் ஆங்கில உச்சரிப்புப் பழகுவோருக்கும் இது மிகவும் பிரயோசனமானது.

பக்க எண் போல நேரம்

கன்ட்ரோல் விசையுடன் 'டி' எழுத்தை அழுத்தினால் ஒரு சிறு பெட்டி வரும். அதில் 42 நிமிடம் 10 செக்கன் என்று கொடுத்தால் நேரே அந்த இடத்துக்குப் போகலாம். ஆகவே பாடம் கேட்கும்போது கொப்பியின் ஓரத்தில் நேரத்தையும் எழுதுங்கள். "நாட்டார் பாடல் வகைகள் – 42.10" என்று எழுதிவைத்தால், அடுத்த மாதமும் அது கைகொடுக்கும்.

குரலைத் துலக்குதல்

கன்ட்ரோல் விசையுடன் 'ஈ' எழுத்தை அழுத்தினால் 'ஈக்குவலைசர்' கிடைக்கும். முதலில் அதனைச் செயற்படுத்தும் கட்டத்தில் சரி அடையாளம் இட வேண்டும். 60 ஹேர்ட்ஸ் முதல் 16 கிலோஹேர்ட்ஸ் வரை பத்துச் சறுக்கிகள் உள்ளன. மின்விசிறி இரைச்சலும் மின்சார உறுமலும் பெரும்பாலும் இடப்பக்கத்துத் தாழ் அதிர்வெண்களில் இருக்கும். நாடாவின் 'உஸ்' ஒலி வலப்பக்கத்து உயர் அதிர்வெண்களில் கூடுதலாகத் தெரியும். பேச்சைத் தெளிவாக்கும் பகுதி 1, 3 கிலோஹேர்ட்ஸ் பக்கமாக உண்டு. இரு ஓரங்களையும் சற்றுக் குறைத்து நடுவைச் சற்றுக் கூட்டினால் குரல் முன்னுக்கு வரும். இது கேட்கும் ஒலியை மாத்திரமே மாற்றும். மூலக் கோப்பு அப்படியே இருக்கும்.

ஓர் அனுபவம்

இந்த வசதிகளின் பெறுமதியை நான் உணர்ந்தது தமிழ்ப் பாட ஒப்படையொன்றின்போது. எங்கள் பிரதேசக் கிராமியக் கவிகளைச் சேகரித்து எழுதும்படி ஆசிரியை கூறினார். எங்கள் வீட்டில் ஒரு பழைய கசெட் இருந்தது. அதில் என் உம்மம்மா பதினொரு கவிகள் பாடியிருக்கிறார். அவர் மௌத்தாகி ஆறு வருடங்கள் ஆகின்றன. அந்தக் கவிகளைப் பாட இப்போது எங்கள் குடும்பத்தில் எவருமில்லை. காக்கா ஒரு வயரின் மூலம் ரேடியோவைக் கணினியுடன் இணைத்துப் பதிவுசெய்து தந்தார்.

நாடா தேய்ந்திருந்தது. மூன்றாவது கவியில் ஒரு சொல் பிடிபடவில்லை. என் தோழி 'களவு' என்றாள், காக்கா 'கல்வெட்டு' என்றார். ஈக்குவலைசரில் இரைச்சலைக் குறைத்து, அந்த நான்கு செக்கன்களை ஏ–பி முறையில் 0.7 வேகத்தில் சுழலவிட்டேன். பத்துத் தடவைகள் கேட்டபின் ளகரம் தெளிவாகி, 'களவெட்டி' என்ற சொல் வெளிப்பட்டது. அடுப்படியிலிருந்த உம்மா அதைக் கேட்டு, "அது சூடடிக்கிற இடம் புள்ள. வட்டைக்குள்ள நெல்லக் குவிச்சு மிதிப்பாங்களே, அதான்" என்றார்.

எங்கள் வீட்டில் இப்போது யாரும் வேளாண்மை செய்வதில்லை. இயந்திரம் வந்தபின் களவெட்டியின் தேவையும் குறைந்துவிட்டது. பொருள் மறையும்போது சொல்லும் மறைகிறது. அந்தச் சொல் விளங்கிய பிறகுதான் கவியின் மற்ற மூன்று வரிகளும் எனக்கு விளங்கின.

சில ஆலோசனைகள்

• பாடத்தை ஒலிப்பதிவு செய்யுமுன் ஆசிரியரிடம் அனுமதி பெறுங்கள்.

• பெரிய காணொளிப் பாடங்களைக் கன்ட்ரோல் விசையுடன் 'ஆர்' எழுத்தை அழுத்தி எம்.பி.3 ஒலிக்கோப்பாக மாற்றலாம். கைத்தொலைபேசியில் இடம் மிச்சமாகும்.

• வேகத்தை மிகவும் குறைக்காதீர்கள். 0.6இற்குக் கீழே போனால் எழுத்துகள் இழுபட்டுச் சிதைகின்றன.

• பழைய கசெட்டுகளைக் கணினிக்கு மாற்றியதும் இன்னொரு பிரதியை வேறோர் இடத்தில் வைத்திருங்கள்.

அன்புத் தோழிகளே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படியொரு கசெட் இருக்கக்கூடும். நாடா ஒவ்வொரு வருடமும் தேய்கிறது. அதில் வரும் சொற்களுக்குப் பொருள் சொல்லக்கூடிய உம்மம்மாக்களும் வாப்பும்மாக்களும் இன்று எங்களுடன் இருக்கிறார்கள். வரும் விடுமுறையில் அவர்களைப் பக்கத்தில் இருத்தி, மெதுவாக ஓடவிட்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கவிகளை நாங்கள் வாசிப்போம்.