ஸ்னோபோர்டில் சென்சார் கட்டப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

ஸ்னோபோர்டு வீரர்களின் இடுப்பில் சென்சார் கட்டி அவர்களின் வித்தைகளை ஆராயப்போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் மகிழ்ந்தேன். கருவி வாங்குமுன் 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் இரண்டு இறுதிப் போட்டிகளைப் பார்த்துவிடு.

ஆண்கள் ஸ்லோப்ஸ்டைலில் கனடாவின் மேக்ஸ் பாரோ 90.96 புள்ளிகளுடன் தங்கம் வென்றார். ஒரு தாவலில் பலகையைப் பிடிக்கவேண்டிய கை முழங்காலைப் பிடித்திருந்தது. நடுவர்கள் அதைக் கவனிக்கவில்லை. உன் சென்சாரும் கவனித்திருக்காது. கை எதைப் பற்றியது என்று ஜைரோஸ்கோப்புக்குத் தெரிய வழியில்லை. ஆகவே வீடியோ இல்லாமல் ஒரு தாவலைக்கூடப் பதிவு செய்யாதே.

ஹாஃப்பைப்பில் ஜப்பானின் அயுமு ஹிரானோ, ட்ரிபிள் கார்க் 1440 அடித்தும் இரண்டாம் சுற்றில் 91.75தான் பெற்றார். எத்தனை பேர் கொதித்தார்கள்! மூன்றாம் சுற்றில் அதே வித்தைகளைத் திரும்பச் செய்து 96.00 பெற்றுத் தங்கம் வென்றார். இப்படிப்பட்ட இடத்தில்தான் உன் கருவி பேசவேண்டும். அந்தரத்தில் இருக்கும்போது ஆக்ஸிலரோமீட்டர் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும், இறங்கியதும் எகிறும். இடைப்பட்ட நேரத்தை நம்பலாம். அந்த நேரமும் சுழற்சி அளவும் நடுவர்களின் புள்ளிகளோடு ஒத்துப்போவதை 2008 வாக்கிலேயே ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். ஆனால் அதைக்கொண்டு நடுவருக்குப் பதிலாக ஒரு எந்திரத்தை உட்காரவைக்கும் ஆசை உனக்கு வரக்கூடாது. ஸ்டைல் போய்விட்டால் வீரர்களுக்கு இந்த விளையாட்டில் என்ன மிஞ்சும்?

சுழற்சியைக் கணக்கிடும்போது மூன்று அச்சுகளையும் தனித்தனியே கூட்டாதே. கார்க் வகைத் தாவலில் உடல் சாய்ந்து சுழல்வதால் அந்தக் கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இருக்காது, குவாட்டர்னியன் கற்றுக்கொள். ஜைரோஸ்கோப்பின் பிழை சேர்ந்துகொண்டே போகும் என்பதால் ஒவ்வொரு தாவலையும் புதிதாகத் தொடங்கு. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஜாக்கெட்டுக்குள் வை.

நான் மிகவும் வேண்டிக்கொள்வது தரையிறக்கம் பற்றித்தான். இறங்கும் அதிர்ச்சி 16 ஜி வரை மட்டுமே அளக்கும் சில்லுகளைத் தாண்டிவிடக்கூடும்; கூடுதல் வரம்புள்ளதாக வாங்கு. கண்ணுக்கு ஒவ்வொரு தரையிறக்கமும் தனித்தனியாகத்தான் தெரியும். காலையிலிருந்து வீரரின் முழங்கால் எத்தனை அடி வாங்கியது என்பதை உன் கருவிதான் எண்ணிவைக்கும். அந்தக் கணக்கை ஒவ்வொரு பயிற்சி நாளின் நடுவிலும் எடுத்துப் பார். கூடியிருந்தால் அடுத்த தாவலுக்கு முன்பே பயிற்சியாளரிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்