பழம் சேர்த்த பாண் புடிங்

வாழைத் தோட்டமுள்ள வீடுகளில், குலை வெட்டிய சில நாட்களுக்குள் விற்பனைக்கு உதவாத சீப்புகள் எஞ்சிவிடுகின்றன. தோல் கறுத்து, காம்பு கழன்ற பழத்தைச் சந்தையில் எவரும் விரும்பார். நீர்வேலி போன்ற வாழைச் செய்கைக் கிராமங்களில் அதனை மாட்டுக்கு வைப்பதுமுண்டு. ஆனால் பழத்தில் இனிப்பு மிகுந்திருப்பது அந்தப் பருவத்திலேதான்; காயிலிருந்த மாப்பொருள் அப்போது வெல்லமாக மாறிவிடுகின்றது. அடுக்களையில் காயும் முதல்நாட் பாணும் இவ்வாறே கழிக்கப்படுகின்றது. கோதுமை இந்நாட்டிற் பயிராவதன்று. பணங்கொடுத்துப் பிறநாட்டிலிருந்து பெறுவது. இவ்விரண்டையும் பாலோடும் முட்டையோடும் சேர்த்தால், சிறுவர்க்கு ஏற்ற ஓர் உணவு கிடைக்கும்.

இதற்கு அரை இறாத்தற் பாண், அதாவது ஏறக்குறைய 225 கிராம் போதும். பால் 500 மில்லிலீற்றர், முட்டை 3, சீனி 75 கிராம், நன்கு கனிந்த வாழைப்பழம் 3, கறுவாத்தூள் அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை ஆகியன வேண்டும். பசுப்பாலுக்குப் பதிலாகத் தேங்காய்ப்பாலும், சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியும் கொள்ளலாம். வட்டிலப்பம் செய்து பழகியவர்க்கு அச்சுவை புதிதன்று.

பாண் காய்ந்திருக்கலாம், பூஞ்சணம் பிடித்திருத்தலாகாது. பச்சை நிறம் தெரியும் இடத்தை மட்டும் வெட்டியெறிந்து மிகுதியைப் பயன்படுத்துவோர் உளர். பூஞ்சணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரந்திருக்குமாதலால் அது தவறு.

பாணைச் சிறு துண்டுகளாக்கி, இளஞ்சூடான பாலில் அரை மணித்தியாலம் ஊறவிடுக. முட்டையைச் சீனி, உப்பு, கறுவாத்தூளுடன் அடித்து, பால் ஆறிய பின்னரே கலத்தல் வேண்டும். பாத்திரத்தில் நெய் பூசி, பாண் கலவையையும் வாழைப்பழ வில்லைகளையும் மாறிமாறி இடுக.

வாழைப்பழத்திற்குப் பதிலாக அன்னாசியோ பப்பாசியோ சேர்க்க விரும்புவோர் இங்கே கவனிக்க வேண்டும். பலருடைய புடிங் இறுகாமல் நீராய்ப் போவதும் கசப்பதும் இவற்றைப் பச்சையாகச் சேர்ப்பதனாலேயே. இப்பழங்களில் புரதத்தைச் சிதைக்கும் நொதியங்கள் உள்ளன. கலவை ஊறும்போதே அவை பாலிலும் முட்டையிலுமுள்ள புரதத்தைத் தாக்குகின்றன. இறுகவேண்டிய பொருளே அப்புரதந்தான். அன்னாசியின் புளிப்பும் பாலைத் திரையச் செய்யும். ஆகவே பழத்தைச் சிறிது சீனியுடன் பத்து நிமிடம் நன்கு கொதிக்கவைத்து, சாற்றை வடித்து, ஆறியபின் சேர்த்தல் வேண்டும். வெப்பத்தால் நொதியம் செயலிழந்துவிடும். மாம்பழத்திற்கு இவ்வேலை தேவையில்லை. நார் மிகுந்த இனமாயின் பிழிந்து சேர்ப்பது நன்று.

பாத்திரத்தின் வாயை எண்ணெய்த்தாளால் மூடிக் கட்டி, ஆவியில் அவிக்குக. அகன்ற பாத்திரமாயின் முக்கால் மணித்தியாலமும், ஆழமானதாயின் ஒரு மணித்தியாலமும் செல்லும். அடுப்பு மெதுவாக எரியட்டும். நீர் தளதளவென்று கொதித்தால் முட்டை அளவுக்கு மீறி இறுகி, நீரைக் கக்கித் துளைதுளையாகிவிடும். போறணை உள்ள வீட்டில், வெந்நீர் விட்ட தட்டில் பாத்திரத்தை வைத்து 170 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வேகவைக்கலாம். நடுவே ஓர் ஈர்க்கைக் குத்தியெடுத்துப் பார்க்க. ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

அடுப்பிலிருந்து இறக்கியவுடன் கவிழ்த்தால் உடைந்துபோகும். கால் மணித்தியாலம் ஆறவிட்டுக் கவிழ்க்குக. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றே உண்டு முடித்தல் வேண்டும். தேங்காய்ப்பால் சேர்த்தது விரைவிற் புளிக்கும்.