கைக்கடிகாரம் கட்டிய தாத்தா

மாரிக்குப்பம்

அன்புள்ள பாப்பா,

தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து நீ அனுப்பிய இரண்டு படங்களும் வந்தன. தலைவிளக்கோடு சிரிக்கிற வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளிகள் யார், நம் சொந்தத்தில் யாராவது ரஷ்யா போனார்களா என்று கேட்டிருக்கிறாய். பெங்களூரைத் தாண்டி யாரும் போகவில்லை, கண்ணு. அது ‘சோவியத் நாடு’ பத்திரிகையிலிருந்து கிழித்த பக்கம். சல்லிசான சந்தா, வழவழவென்று கெட்டித் தாள். செங்கொடிச் சங்கம் இருந்த ஊர் என்பதால் தொழிலாளர் லைன் வீடுகளில் சுலபமாகக் கிடைக்கும். நாங்கள் அதைப் படித்ததைவிட நோட்டுக்கு அட்டை போட்டதுதான் அதிகம். உன் அப்பாவின் கணக்கு நோட்டு மேல் ஒரு வருஷம் முழுக்க ஒரு டிராக்டர் ஓடியது.

பழைய படத்தைக் கையில் எடுத்தால் முகத்தை அப்புறம் பார். எடுக்கச் சொல்லிக் காசு கொடுத்தது யார் என்று முதலில் கேள்.

அந்தப் பத்திரிகைப் பக்கத்துக்குக் காசு சோவியத் அரசாங்கத்துடையது. அங்கே அலெக்சி ஸ்தகானவ் என்றொரு நிலக்கரித் தொழிலாளி 1935 ஆகஸ்டில் ஒரே ஷிப்டில் 102 டன் வெட்டினார் என்று ஊரெல்லாம் அவர் படத்தைப் போட்டார்கள். ஒரு ஷிப்டுக்கு விதித்த அளவைப்போல் 14 மடங்கு. அவர் வெட்டிக்கொண்டே போக, பின்னாலேயே மரம் முட்டுக் கொடுத்து வந்தவர்கள் இரண்டு பேர். பேர் வாங்கியது அவர் ஒருவர்தான். சுரங்கத்துக்குள் கேஜில் இறங்கிய ஆள் யாரிடமாவது இந்தக் கதையைச் சொல்லிப் பார், முட்டுக் கொடுத்தவன் எங்கே என்றுதான் முதலில் கேட்பார்.

நம் ஊர்ப் பழைய படங்களுக்குக் காசு, இங்கே தங்கச் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனியுடையது. 1880இல் வந்தவர்கள், 1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொள்ளும்வரை இருந்தார்கள். நான் பார்த்தவற்றில் ஷாப்டு, மில்லு, தொப்பி வைத்த துரைமார் எல்லாம் துல்லியம். நம் ஆட்கள் மட்டும், இயந்திரம் எவ்வளவு பெரிசு என்று காட்ட நிறுத்தியதுபோல் ஓரத்தில். 1902இலேயே சிவனசமுத்திரத்திலிருந்து கரண்டு வந்த ஊர் இது. லைனிலோ வெகுகாலம் சிம்னி விளக்குதான். அந்த இருட்டுக்குள் முகத்தைப் படமெடுக்க வராத கம்பெனி, 1930இல் எல்லோர் விரல்ரேகையும் வேண்டும் என்று வந்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்கள்.

ரஷ்யாவில் ஜனங்கள் நிஜமாக எப்படி இருந்தார்கள் என்று தெரிய, அவர்களே எடுத்த படங்களைத் தேடு. ஃபெட், ஸ்மேனா என்று சொந்த ஊர்க் கேமராக்கள் இருந்தன. நாலைந்து குடும்பம் ஒரே சமையலறையைப் பங்கு போட்டுக்கொண்ட வீடுகளில், ராத்திரி குளியலறையை அடைத்து, சிவப்பு விளக்கு போட்டு அவர்களே பிரிண்டு போட்டார்கள். கோணலாக, தலை வெட்டுப்பட்டு வந்திருந்தாலும் கொடியில் காயும் துணிவரை எல்லாம் அதில் இருக்கும்.

எங்கள் லைனில் யாரிடம் கேமரா? ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோதான்.

அங்கே எடுத்த இரண்டாவது படத்துக்குக் காசு கொடுத்தவர் தாத்தா. கோட்டு அவருடையது இல்லை; வலது கையில் விரல்நுனி மட்டும் தெரிகிறது பார். இடது கையை மட்டும் மடித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் காட்டியிருக்கிறார். வீட்டில் எங்களுக்குக் கடிகாரமே கிடையாது. ஷிப்டு சங்கு ஊதினால் அதுதான் நேரம்.

கடிகாரம் என்றதும் இன்னொன்று. 1945 மே மாதம் பெர்லினில் சோவியத் வீரர்கள் கொடி ஏற்றுகிற படம் நீ பார்த்திருப்பாய், யெவ்கேனி ஹல்தேய் எடுத்தது. கீழே தாங்கி நிற்பவருக்கு இரண்டு மணிக்கட்டிலும் கடிகாரம். கொள்ளையடித்தது என்று நினைப்பார்களே என்று ஒன்றைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுத்தார்கள். அங்கே இருந்ததை அழித்தது அரசாங்கத்துக்காக. தாத்தா இல்லாததைக் கட்டிக்கொண்டது தனக்காக. இரண்டும் பொய்தானே என்று நீ சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

சின்னத் தாத்தாவின் கல்யாணப் படமும் அந்தப் பெட்டியில்தான் இருக்க வேண்டும், நாலைந்து வருஷம் கழித்து எடுத்தது. அவர் கையிலும் அதே கடிகாரம். பெரிதாக்கிப் பார்: இரண்டிலும் மணி பத்தே கால்.

அன்புடன்,
அத்தை