நெட் இல்லாத நாளுக்கு எந்த சர்வர்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் தாமிரபரணி கரைபுரண்டபோது, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் பல ஊர்களில் மின்சாரத்தோடு செல்போன் சிக்னலும் போனது. கரன்ட் திரும்பினாலும் நெட் உடனே வந்துவிடாது. ஆன்லைன் எடிட்டரையே நம்பி வெப் டிசைன் படிப்பவருக்கு அந்த நாட்கள் வீண். லேப்டாப்பிலேயே ஒரு சர்வர் இருந்தால் வேலை நடக்கும். எந்த சர்வர் என்பதை, எழுதும் பக்கமும் லேப்டாப்பின் ரேமும் சேர்ந்து சொல்லிவிடும்.

வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் என்றால் கோப்பை டபுள் கிளிக் செய்தாலே போதும். ஜாவாஸ்கிரிப்ட் மாட்யூலோ, ஜேசான் கோப்பைப் படிக்கும் ஃபெட்ச்சோ சேர்ந்தால், பாதுகாப்புக்காக பிரவுசர் தடுத்துவிடும். அதற்கு விஎஸ் கோடின் லைவ் சர்வர் எக்ஸ்டென்ஷன் கச்சிதம்: சேமித்ததுமே பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

பிஎச்பியும் டேட்டாபேஸும் வேண்டுமென்றால் ஸாம்ப். அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி மூன்றும் ஒரே இன்ஸ்டாலரில் வருகின்றன. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். விண்டோஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு லாராகான் இன்னும் இலகு, ஒவ்வொரு ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கும் தனி முகவரி கொடுத்துவிடும். டேட்டாபேஸ் தேவையில்லையா? 2012-இல் வந்த 5.4 பதிப்பு முதல் பிஎச்பிக்குள்ளேயே ஒரு சிறு சர்வர் இருக்கிறது.

டாக்கர் என்ற கருவி, குழுவாக வேலை செய்பவர்களுக்கு அருமையானது. ஆனால் 8 ஜிபி ரேமாவது இருந்தால்தான் வசதியாக ஓடும். அரசு தந்த பழைய விலையில்லா லேப்டாப்பில் அதை ஏற்றுவது வீண் முயற்சி. அங்கே லைவ் சர்வரும் ஸாம்ப்பும்தான் சரி.

எதைத் தேர்ந்தாலும் தமிழை வைத்துச் சோதிப்பது முக்கியம். ஆங்கிலப் பெயர்களில் ஒளிந்திருக்கும் பிழை தமிழில்தான் வெளிவரும். ‘தாமிரபரணி’ என்ற சொல்லை பிஎச்பியின் எஸ்டிஆர்லென் 27 என்று எண்ணும், ஏனென்றால் அது எண்ணுவது பைட்டுகளை. எம்பி_எஸ்டிஆர்லென் 9 என்னும், உயிர்க்குறிகளைத் தனியே எண்ணுவதால். நாம் எண்ணுவதுபோல 6 என்று சொல்வது கிராஃபீம்_எஸ்டிஆர்லென் மட்டுமே. அதற்கு இன்டில் எக்ஸ்டென்ஷனை இயக்கியிருக்க வேண்டும். டேட்டாபேஸில் யூடிஎஃப்8எம்பி4 என்று வைக்காவிட்டால் பெயர்கள் கேள்விக்குறிகளாக மாறக்கூடும்.

பிறகு வைஃபையை அணைத்துவிட்டு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து வரும் எழுத்துருவும், வெளியிலிருந்து இழுக்கும் பூட்ஸ்ட்ராப்பும் அப்போது காணாமல் போகும். நோட்டோ சான்ஸ் தமிழ், பூட்ஸ்ட்ராப் இரண்டையும் நெட் இருக்கும்போதே இறக்கி ப்ராஜெக்ட் ஃபோல்டரில் வைத்துக்கொள்வது நல்லது.