அந்த டீயை ஏன் குடிக்கவில்லை?

அன்புள்ள தம்பிக்கு,



தவக்காலச் சிறப்பிதழில் நீ எழுதிய செம்மஞ்சேரிக் கட்டுரையை ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் படித்தேன். மத்தியானம் மறுபடி எடுத்துப் படித்தேன். ஏழை வீடுகளுக்கு ஏன் போக வேண்டும், மத்தேயு 25ஆம் அதிகாரம் நம்மிடம் என்ன கேட்கிறது என்பதெல்லாம் நமக்குள் பேசித் தீர்ந்தவை. எனக்கு உறுத்தலாக இருக்கும் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தப் படம். உங்கள் இளைஞர் குழுவில் ஐந்து பேர் ஒரே அரிசிப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆறாவதாக, நீங்கள் அரிசி கொடுக்கப் போன வீட்டு அம்மா. ஐந்து பேரும் கேமராவைப் பார்க்கிறீர்கள், அவர் தரையைப் பார்க்கிறார். படத்துக்குக் கீழே அவர் பெயர். பக்கத்துப் பத்தியில் புருஷன் குடித்துக் குடித்துச் செத்த கதை. அவர் எங்கேயோ இருப்பவர் இல்லை, தம்பி. நம் பங்கில் முதல் நன்மை வாங்கியவர். அன்று அவரோடு வெள்ளை உடுத்தி வரிசையில் நின்றவர்கள் இன்றும் இங்கே பூசைக்கு வருகிறார்கள். பூசை முடிந்து வாசலில் அந்த இதழை வாங்கி அவர்களும் படித்திருப்பார்கள்.

எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் முடியும்போது ஒரு துணிப்பை கைமாறி வரும். மூடிய கையை உள்ளே விட்டு எடுப்போம். யார் நூறு போட்டார், யார் ஒன்றும் போடவில்லை என்பது பொருளாளருக்கும் தெரியாது. கொடுப்பவனுக்கே இவ்வளவு மறைவு உண்டென்றால் வாங்குகிறவருக்கு எவ்வளவு வேண்டும்? எந்தக் குடும்பத்தைப் பார்க்கப் போகிறோம் என்பதைக் கூட்டத்துக்கு வெளியே சொல்ல மாட்டோம். என் வீட்டில்கூட நான் சொன்னதில்லை.

இரண்டாவது விஷயம் எனக்குப் படத்தைவிடப் பெரிது.

அந்த அம்மா ஸ்டூலைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போடுகிறார். பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, சுருக்குப் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்து, பால் பாக்கெட் வாங்கி வரச் சொல்கிறார். அவன் படி இறங்குவதற்குள் அடுப்பில் தண்ணீர் ஏறிவிடுகிறது. எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய்! நம் இதழில் இத்தனை வருடத்தில் இப்படி நாலு வரி யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்த வீட்டின் மானம் முழுக்க அந்த நாலு வரியில் இருக்கிறது. பையன் வருவதற்கு முன்னே கட்டுரை முடிந்திருந்தால்கூட நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

அடுத்த வரியில், இன்னும் சில வீடுகள் பாக்கி இருந்ததால் டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம் என்கிறாய். ஏன் குடிக்கவில்லை? பையன் பாலோடு மேலே வந்து பார்த்தபோது நீங்கள் கீழே வண்டியை எடுத்துக்கொண்டிருந்தீர்களா? நம் ஊரில் ஒரு வீட்டு வாசல் வரை போய்விட்டு அங்கே ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் வந்தால் அந்த வீட்டுக்காரர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ சாதி பார்த்து அப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தெரியுமா? 2022 மே 15 அன்று நட்டாலத்துத் தேவசகாயம் புனிதரானபோது இங்கே வெடி வெடித்தோம், பந்தல் போட்டோம். இந்தியாவிலிருந்து புனிதரான முதல் பொதுநிலையினர் அவர். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகியதும் அவர் மீது பகை வளர ஒரு காரணம். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். அவர் பெயரில் திருவிழா எடுக்கிற நாம் ஒரு டம்ளர் டீக்கு உட்கார நேரமில்லை என்று சொல்லலாமா?

இதே தவக்காலத்தை ஒட்டித்தான் பெரும்பாலும் மயிலாப்பூரில் அறுபத்து மூவர் வரும். மாட வீதியில் மோரும் பானகமும் புளிசாதமும் வருவோர் போவோருக்கெல்லாம் கொடுப்பார்கள். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து யாரும் கையை இழுத்துக்கொண்டதில்லை. நானும் வாங்கிக் குடிக்காமல் தாண்டிப் போனதில்லை. வாங்கிக்கொள்ளத் தெரியாதவனிடமிருந்து எனக்கு எதுவும் வேண்டியிருக்காது. அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இரண்டு என்றேன், மூன்றாவதும் வந்துவிட்டது. "என் கண்கள் குளமாயின" என்று முடித்திருக்கிறாய். பேசாமல் நின்றவர் அவர், அழுதவன் நீ, கட்டுரை உன்னைப் பற்றியதாகிவிட்டது. அவர் பேசிய ஒரு வாக்கியம்கூட நாலு பக்கத்தில் இல்லை. என்னதான் சொன்னார்?

அவரைப் போன்ற குடும்பங்கள் செம்மஞ்சேரிக்கு எப்படிப் போயின என்பதையும் நீ தொடவில்லை. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சீனிவாசபுரத்திலிருந்தும் குப்பங்களிலிருந்தும் ஜனங்கள் ஈரத்துணியோடு, பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சாந்தோம் நெடுஞ்சாலையைத் தாண்டி ஓடி வந்ததை நான் பார்த்தேன். கிறிஸ்துமஸ் குடில்கள் இன்னும் கலைக்கப்படாமல் இருந்தன. பிறகு அரசாங்கம் வீடு கொடுத்தது. கடலிலிருந்தும், வேலை செய்த வீடுகளிலிருந்தும், பங்குக் கோயிலிலிருந்தும் இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. அதுவரை நடந்தே போய்ப் பார்த்து வந்த குடும்பங்களை, பங்கு எல்லை மாறிவிட்டது என்று சொல்லிப் பலரும் விட்டுவிட்டார்கள்.

எங்கள் சபையின் கிளைத் தலைவர் விடவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்காரர். பழைய மகாபலிபுரம் சாலையில் பஸ் ஏறி, மாடிப்படியைக் கையால் பிடித்துப் பிடித்து ஏறுவார். முதல் முறை போனால் எதுவும் கொடுக்க மாட்டார். தரையில் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்துவிட்டு, பிள்ளைகள் பெயரைக் கேட்டுக்கொண்டு வந்துவிடுவார். கஷ்டம் என்ன என்று அவர் வாயால் கேட்டதே இல்லை. மூன்றாவது நாலாவது முறை அவர்களே சொல்வார்கள். இருபது வயதில் பாரிசில் இந்தச் சபையைத் தொடங்கிய பிரடெரிக் ஓசானமும் அவருடைய மாணவ நண்பர்களும் 1833இல் ரோசலி என்ற கன்னியாஸ்திரீயிடம் போய் நின்றதை அடிக்கடி சொல்வார். ரொட்டிச் சீட்டோடு வீட்டு விலாசங்களையும் கொடுத்து அனுப்பியவர் அந்த அம்மாள். "படிச்ச பசங்கதான், ஆனா ஏழை வீட்டுக்குள்ள எப்படிப் போகணும்னு யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்துச்சு பாரு" என்பார் எங்கள் தலைவர்.

நீ ஒரு முறை போனாய், எழுதினாய். மறுபடி எப்போது போகிறாய்? எனக்கு அது மட்டும்தான் கேள்வி. நீ கொடுத்த அரிசி இந்நேரம் தீர்ந்திருக்கும். விதவை உதவித்தொகையை 2023இல் மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். அது அவருக்கு வருகிறதா? கணவரின் இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? ரேஷன் கார்டும் ஆதாரும் செம்மஞ்சேரி முகவரிக்கு மாறிவிட்டனவா, இன்னும் பழைய பட்டினப்பாக்கம் முகவரியிலேயே நிற்கின்றனவா? நாலு பக்கக் கட்டுரையில் இதில் ஒன்றுகூட இல்லை.

படத்துக்கு நீயே போய் அவரிடம் மன்னிப்புக் கேள். மிச்சமிருக்கும் இதழ்களில் அந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்லி சாமியாரிடம் நான் பேசுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை லீவு போடு. சனி ஞாயிறில் சோழிங்கநல்லூர் தாலுகா அலுவலகம் இருக்காது. காலையில் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு, அவருக்குச் சம்மதமானால் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு மூவருமாக இ-சேவை மையத்துக்குப் போவோம். ஒரே நாளில் முடியாது, அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திரும்ப நேரமாகிவிட்டால் சிலுவைப்பாதைக்கு அந்தப் பக்கத்துக் கோயிலிலேயே சேர்ந்துகொள்ளலாம்.

அன்புடன்,
உன் பங்கைச் சேர்ந்த பழைய வின்சென்டியன்
மயிலாப்பூர்